மூன்றாவது மாடியில் ஒரு ஹோம் சிக்னல்

பெங்களூரு ஜீவனஹள்ளியில் எங்கள் வீட்டு மாடிப் போர்ஷனில் காயத்ரி என்று ஒருத்தி குடியிருக்கிறாள். ஆரணிக்காரி, நாற்பது வயதிருக்கும். கணவருக்கு ஓசூரில் வேலை, இவளுக்கு இந்திராநகர் பக்கம் ஒரு கம்பெனியில். கம்ப்யூட்டர் வேலை என்பதற்கு மேல் நான் கேட்டுக்கொண்டதில்லை. நான் ரயில்வேயில் இருந்து ரிட்டையர் ஆனவள் என்பதற்கு மேல் அவளும் கேட்டதில்லை. தண்ணீர் மோட்டார் போடுவது, குப்பை வண்டி வருவது, இதற்குள் எங்கள் பேச்சு முடிந்துவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை துணி காயப்போட மாடிக்குப் போனேன். காயத்ரி தண்ணீர்த் தொட்டி ஓரம் உட்கார்ந்திருந்தாள். முகம் தொங்கிப் போயிருந்தது. என்ன என்று கேட்டேன்.

“எங்க டீமையே கலைச்சிடுவாங்க போல ஆன்ட்டி. ட்ரெயின் ஓட்டுற சிமுலேட்டர் ஒண்ணு பண்றோம். பாக்க கேம் மாதிரி இருக்கும், ஆனா டிரைவருங்க ட்ரெய்னிங்குக்கு. ரெண்டு வருஷ வேல. டெஸ்ட் பண்ண வந்த ரயில்வே இன்ஸ்பெக்டர் அஞ்சு நிமிஷம் ஓட்டிப் பாத்துட்டு எழுந்துட்டாரு. ‘இது ரோட்டு சிக்னல்’னு ஒரே வார்த்த. போயிட்டாரு.”

“சிக்னலா?”

“ஆமா. ரெட்டு, எல்லோ, கிரீன் எல்லாம் கரெக்டாத்தான் வருது. என்ன தப்புன்னே தெரியல. ரெண்டு மாசத்துல மறுபடி வருவாரு. அப்பவும் வேணாம்னுட்டா அவ்ளோதான்.”

ஈரத் துணியை வாளியிலேயே போட்டுவிட்டு, அதைக் காட்டு என்றேன். செல்போனில் வீடியோ இருந்தது. வண்டி போகிறது. தூரத்தில் சிவப்பு. வண்டி கிட்டே போனதும் சிவப்பு பச்சையாகிறது. அடுத்ததும் அப்படித்தான். யாரோ வாசலில் நின்று “வாங்க வாங்க” என்று கூப்பிடுகிற மாதிரி, ஒவ்வொரு சிக்னலும் வண்டியைப் பார்த்துப் பார்த்துத் திறந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“வண்டி வர்றது இந்த சிக்னலுக்கு எப்படித் தெரியும்?”

“ப்ரோக்ராம்ல டிஸ்டன்ஸ் வெச்சிருக்கோம். எண்ணூறு மீட்டர் வந்தா மாறும்.”

“சிக்னலுக்கு வண்டியப் பத்தி ஒண்ணுமே தெரியாதும்மா. அதுக்குத் தெரிஞ்சது தண்டவாளம் மட்டுந்தான்.”

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “ஆன்ட்டி, நீங்க ரயில்வேல என்ன வேல பாத்தீங்க?”

சிக்னல் மெயின்டெய்னர் என்றேன். முப்பத்தொரு வருஷம். செவ்வாய்க்கிழமை காலை அவளுடைய ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து அந்த ஆபீசுக்குப் போனேன்.

நான் இந்த வேலைக்கு வந்த கதை பெரிதொன்றும் இல்லை. பிறந்தது மர்பி டவுன். கல்யாணமானது ரயில்வேயில் சிக்னல் கலாசியாக, அதாவது எடுபிடி வேலையாளாக இருந்தவருக்கு. மஞ்சள் காமாலையில் அவர் போனபோது எனக்கு இருபத்தொன்பது வயது, இரண்டு பெண் குழந்தைகள். பத்தாவது பாஸ் என்பதால் கருணை அடிப்படையில் எனக்கு வேலை கொடுத்தார்கள். ஆபீசில் ஃபைல் எடுத்துக் கொடுக்கிற இடம் காலி இல்லை, சிக்னலில்தான் இருக்கிறது என்றார்கள். சரி என்றேன். கம்பம் ஏறக் கற்றுக்கொண்டேன், கிரீஸ் போடக் கற்றுக்கொண்டேன், வயரிங் படம் படிக்கக் கற்றுக்கொண்டேன். பயிற்சியைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது. முதல் வருடம் ஆட்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அடுத்த வருடம் அவர்களுக்கே அலுத்துவிட்டது.

காயத்ரியின் ஆபீஸ் மூன்றாவது மாடியில். ஓர் அறையில் நிஜமான இன்ஜின் கேபினை அப்படியே வைத்திருந்தார்கள். பிரேக் கைப்பிடி, ஹார்ன், டிரைவர் சீட், முன்னால் சுவர் அகலத்துக்குத் திரை. காயத்ரியுடன் வேலை செய்தவர்களில் எனக்கு நெருக்கமானவர் மஞ்சுநாத். துமகூருக்காரர், நாற்பதைத் தாண்டியவர், தமிழ் நன்றாகவே பேசுவார். கம்ப்யூட்டரில் சிக்னலை நடுவது அவர் வேலை.

நான் ஒரு பெரிய சார்ட் பேப்பர் கேட்டேன். அவர்கள் முதலில் கம்பங்களை நட்டுவிட்டு, பிறகு எந்த நிறம் எப்போது என்று யோசித்திருந்தார்கள். எங்கள் வேலையில் அது தலைகீழ். முதலில் தண்டவாளத்தைத் துண்டு துண்டாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு துண்டிலும் கொஞ்சம் கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும். சக்கரம் ஏறினால் அந்தக் கரண்ட் சக்கரம் வழியாகவே குறுக்கே போய்விடும், ரிலே என்கிற காந்த சுவிட்சுக்குப் போய்ச் சேராது. சேராவிட்டால் ரிலே விழும். விழுந்தால் சிவப்பு. வண்டி வந்ததால்தான் என்றில்லை, வயர் அறுந்தாலும் சிவப்பு, மழைத் தண்ணீர் நின்றாலும் சிவப்பு. என்ன கெட்டாலும் சிவப்பில்தான் போய் நிற்க வேண்டும் என்று கட்டி வைத்திருக்கிறார்கள்.

“அப்போ பச்சைங்கறது?” என்று மஞ்சுநாத் கேட்டார்.

“எல்லாம் சரியா இருக்குன்னு ஒவ்வொரு துண்டும் பதில் சொன்னாத்தான் பச்சை. ஒண்ணு வாய மூடிக்கிட்டாலும் கிடையாது.”

அவர் தன் எண்ணூறு மீட்டரை அன்றைக்கே அழித்தார். இரண்டு வாரம் தண்டவாளத்தை மட்டும் பிரித்தோம். பிறகு ஸ்டேஷன். வண்டியை உள்ளே விட ஸ்டேஷன் மாஸ்டர் பட்டனை அழுத்துவார். தண்டவாளம் இரண்டாகப் பிரிகிற பாயிண்டில் மிஷின் ஓடும், தண்டவாளத்தின் நாக்கு ஒரு பக்கமிருந்து மறு பக்கம் நகர்ந்து ஒட்டும், பூட்டு விழும், ‘ஒட்டிவிட்டேன், பூட்டிவிட்டேன்’ என்று அது பதில் அனுப்பும். அதன் பிறகுதான் ஸ்டேஷன் வாசலில் நிற்கிற ஹோம் சிக்னல் எரியும். அந்தச் சில நொடிகள் தாமதத்தை மஞ்சுநாத் முதலில் பிழை என்று நினைத்துத் திருத்தப் பார்த்தார். அது பிழை இல்லை, அதுதான் வேலை என்று சொல்லி அப்படியே விடச் செய்தேன்.

சின்னச் சின்ன விஷயங்களும் இருந்தன. கம்பத்தை நேராக நடாமல், வருகிற டிரைவரின் கண்ணைப் பார்த்துக் கொஞ்சம் திருப்பி வைப்போம். லென்சுக்கு மேல் தொப்பி மாதிரி ஒரு தகடு இருக்கும். சாயங்கால வெயில் நேராக விழுந்தால் எரியாத விளக்குகூட எரிகிற மாதிரி தெரியும். இதையெல்லாம் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். ஆனால் எல்லாம் எனக்குத் தெரியும் என்ற நினைப்பை காயத்ரி ஒருநாள் உடைத்தாள். ஒரு சிக்னலை எங்கள் பழைய செக்ஷனில் இருந்த மாதிரியே, அங்குலம் மாறாமல் நடச் சொல்லியிருந்தேன். அவள் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஓட்டிப் பார்த்துவிட்டு, “நடை மேம்பாலத்துத் தூண் மறைக்குது ஆன்ட்டி. மூணு செகண்ட் சிக்னலே தெரியல” என்றாள். நான் நம்பவில்லை. அந்தச் சிக்னலின் லென்சை எத்தனையோ வருஷம் துடைத்திருக்கிறேன். திரையில் பார்த்தபோது மறைக்கத்தான் செய்தது. நான் எப்போதும் அதைக் கீழே இருந்தும், ஏணி மேல் இருந்தும் பார்த்தவள். ஓடுகிற வண்டியில் இருந்து பார்த்ததே இல்லை.

“அத நகத்தட்டுமா?” என்றாள்.

“வேணாம். நெஜத்துல அப்படித்தான் இருந்தது. டிரைவருங்க அந்த மூணு செகண்டயும் சேத்துத்தான் ஓட்டியிருக்காங்க. இருக்கட்டும்.”

ஐந்தாவது வாரம். எல்லாம் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. கோளாறுகளின் பட்டியல் ஒன்று தேவைப்பட்டது. டிரைவர்களுக்குப் பயிற்சியில் எந்தெந்தச் சிக்கலைக் காட்டலாம் என்று என்னைச் சொல்லச் சொன்னார்கள். நான் அடுக்கிக்கொண்டே போனேன். பல்பு போவது, பாயிண்டில் ஜல்லிக்கல் மாட்டுவது, கேபிளை ஜேசிபி அறுப்பது. எல்லாவற்றுக்கும் முடிவில் சிவப்பு, சிவப்பு என்று மஞ்சுநாத் எழுதிக்கொண்டே வந்தார். பிறகு பேனாவை மூடிவிட்டுக் கேட்டார்.

“அம்மா, தப்பா எல்லோவோ கிரீனோ வந்துடறது உண்டா?”

“வராது” என்றேன்.

“ஒரு தடவகூட?”

“வராதுப்பா. அதுக்குத்தானே அத்தன ஏற்பாடு.”

அவர் தலையாட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போனார். நான் காபி குடிக்க எழுந்தேன். அன்று சீக்கிரமே பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் காலை ஆபீசில் முதல் வேலையாக மஞ்சுநாத்தையும் காயத்ரியையும் கூப்பிட்டு உட்கார வைத்தேன். “நேத்து நான் சொன்னது பொய். வரும். என் கையால வந்திருக்கு” என்றேன். அவர்களிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். என் மகள்களுக்குக்கூட இது முழுதாகத் தெரியாது.

நான் வேலைக்குச் சேர்ந்து ஒன்பதாவது வருடம். பெங்களூருக்குக் கிழக்கே ஒரு சின்ன ஸ்டேஷன், பெயர் வேண்டாம். மழைக்காலம், பகல் பதினோரு மணி. ஸ்டேஷன் வாசலில் இருக்கிற பாயிண்ட் நகர்ந்து ஒட்டுகிறது, ஆனால் ஒட்டிவிட்டேன் என்ற பதில் வரவில்லை. பதில் வராவிட்டால் ஹோம் சிக்னல் எரியாது. என்னைக் கூப்பிட்டார்கள்.

முறை என்னவென்றால், முதலில் ஸ்டேஷன் மாஸ்டரிடம் எழுதிக் கொடுத்து, இந்தப் பாயிண்டை நான் கழற்றுகிறேன் என்று கையெழுத்து வாங்க வேண்டும். அந்தக் காகிதம் இருக்கும்வரை அவர் அந்த வழியில் சிக்னல் கொடுக்க முடியாது. வேலை முடிந்ததும், சோதித்துப் பார்த்தேன், சரியாக இருக்கிறது என்று இன்னொரு காகிதம் கொடுத்து முடிக்க வேண்டும். நான் அதன்படியே கழற்றும் காகிதம் கொடுத்துவிட்டு, குடையும் பையுமாகப் பாயிண்டுக்குப் போனேன்.

கோளாறு மிஷினிலா, வயரிலா என்று முதலில் தெரிய வேண்டும். தண்டவாளத்தின் ஓரம் வெள்ளி பெயின்ட் அடித்த இரும்புப் பெட்டி இருக்கும். அதற்குள்தான் வயர்கள் வந்து சேரும். என் பையில் இரண்டு சோதனை வயர் வைத்திருப்பேன், இரண்டு முனையிலும் கிளிப் போட்டது. அதில் ஒன்றை எடுத்து, மிஷினிலிருந்து பதில் வரவேண்டிய இரண்டு முனைகளைச் சேர்த்து மாட்டினேன். பதில் வந்துவிட்டது என்று ஸ்டேஷனில் இருந்து போனில் சொன்னார்கள். அப்படியென்றால் வயர் நன்றாக இருக்கிறது, கோளாறு மிஷினுக்குள் என்று அர்த்தம். மிஷினைத் திறந்தேன். உள்ளே ஈரம் இறங்கிப் பித்தளைத் தொடுமுனைகள் கறுத்திருந்தன. துடைத்தேன், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். இதற்குள் போன் மேல் போன். பாசஞ்சர் வண்டி ஒன்று பக்கத்து ஸ்டேஷனில் காத்திருக்கிறது, இன்னும் எவ்வளவு நேரம், இன்னும் எவ்வளவு நேரம் என்று. மிஷினை மூடிவிட்டு ஓட்டிக் காட்டச் சொன்னேன். பதில் வருகிறது, எல்லாம் சரி என்றார்கள். பெட்டியைச் சாத்திப் பூட்டினேன். நடந்து வந்து, சோதித்தேன், சரியாக இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பிளாட்பாரத்துக் கோடியில் எங்களுக்கு ஒரு சின்ன அறை. அங்கே போய்க் கை கழுவிவிட்டு, டிபன் டப்பாவை எடுக்கப் பைக்குள் கைவிட்டேன். ஒரு சோதனை வயர்தான் கையில் தட்டுப்பட்டது.

பையை அப்படியே தரையில் கவிழ்த்தேன். ஸ்குரூ டிரைவர், மீட்டர், கந்தல் துணி, டப்பா. வயர் ஒன்றுதான்.

இன்னொன்று பெட்டிக்குள் மாட்டியபடியே இருந்தது. அது அங்கே இருக்கிறவரை, பாயிண்ட் ஒட்டினாலும் ஒட்டாவிட்டாலும், ஒட்டிவிட்டேன் என்று பொய்ப் பதில் போய்க்கொண்டே இருக்கும். சிக்னல் அதை நம்பி எரியும். டிரைவர் சிக்னலை நம்பி வருவார். அந்தப் பாசஞ்சரில் இருக்கிற எல்லோரும் டிரைவரை நம்பி உட்கார்ந்திருப்பார்கள்.

செருப்புகூடப் போடாமல் ஓடினேன். ஸ்டேஷன் மாஸ்டர் அப்போதுதான் டீயை வாயில் வைத்தார்.

“சார், ஹோம் சிக்னல சிவப்பு போடுங்க!”

“என்னம்மா சொல்ற? வண்டி கெளம்பி வந்துட்டிருக்கு. எல்லோ குடுத்தாச்சு. நீதானே கையெழுத்து போட்ட?”

“போட்டது தப்பு சார். வயரு உள்ளயே இருக்கு.”

அவர் என்னைப் பார்த்தார். வருகிற வண்டியின் முகத்துக்கு எதிரே சிக்னலைச் சிவப்பாக்குவது சாதாரண விஷயம் இல்லை. டிரைவர் முழு பிரேக் போடுவார். ஏன் போட்டாய், யார் சொன்னது என்று அவரையும் கேட்பார்கள். ஒரு வினாடிதான் தயங்கினார். பிறகு டீயை வைத்துவிட்டுப் பட்டனை அழுத்தினார்.

மழைக்குள் தூரத்தில் வண்டியின் ஹார்ன் நீளமாகக் கேட்டது. ஹோம் சிக்னலுக்கு வெளியே நின்றுவிட்டது. நான் ஜல்லியில் வெறுங்காலோடு ஓடிப்போய்ப் பெட்டியைத் திறந்தேன். வயர் நான் மாட்டியபடியே தொங்கிக்கொண்டிருந்தது. கழற்றினேன். பாயிண்டைக் குனிந்து பார்த்தேன். நாக்கு சரியாக ஒட்டி, பூட்டு விழுந்திருந்தது. விரல் நுழைய இடமில்லை.

வண்டி வந்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. நான் வாயைத் திறக்காமல் இருந்து, வண்டி போன பிறகு போய் வயரை எடுத்திருந்தால் உலகத்தில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. அந்த இடத்தில் நனைந்தபடி நின்று இதைத்தான் நினைத்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். வேலை போனால் பெண்களை எப்படிப் படிக்க வைப்பது என்பதும் சேர்ந்தே வந்தது.

மூன்று மணி வண்டியில் எங்கள் செக்ஷன் இன்ஜினியர் நஞ்சுண்டப்பா வந்து இறங்கினார். ஒல்லியான மனிதர், கன்னடமும் தமிழும் கலந்து பேசுவார், ஸ்வெட்டர் போடாமல் ஒருநாளும் பார்த்ததில்லை. அவர் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. திட்டுவார் என்று தயாராக இருந்தவர்களுக்கு அவருடைய மெதுவான குரல்தான் அதிகக் கலக்கம் கொடுக்கும். என்னைப் பார்த்தார். என் காலைப் பார்த்தார். ஜல்லி குத்தி ரத்தம் கட்டியிருந்தது.

“ஏனம்மா அமுதா, மொதல்ல டீ குடி. ஆமேலே மாத்தாடலாம்” என்றார். பிறகு பேசலாம் என்று அர்த்தம்.

டீ வந்தது. அவரும் குடித்தார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு, “நடி, ஹோகலாம்” என்றார். பெட்டி இருக்கும் இடத்துக்கு நடந்தோம். அங்கே நின்று, “நீ காலைல என்ன பண்ணியோ, அதே மாதிரி பண்ணிக் காட்டு. வாயில சொல்ல வேண்டா. கையில காட்டு” என்றார்.

காட்டினேன். பையை எங்கே வைத்தேன், எந்தக் கையால் பெட்டியைத் திறந்தேன், வயரை எப்படி எடுத்தேன், எல்லாம். மிஷினைத் திறந்து தேய்த்தது வரை வந்து, எழுந்து, பெட்டியைச் சாத்த வந்தேன். “நிலு” என்றார். நின்றேன்.

“இங்க நிக்கறே. வயர் தெரியுதா?”

பார்த்தேன். பெட்டிக் கதவு பாதி மூடியிருந்தது. நான் நின்ற இடத்திலிருந்து வயர் தெரியவில்லை. கறுப்பு வயர்களுக்கு நடுவே அதுவும் கறுப்பு.

“தெரியல சார்.”

“ஹூம். எனக்கும் காண்றதில்ல” என்று சொல்லி, சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து என்னமோ எழுதிக்கொண்டார்.

ஸ்டேஷனுக்குத் திரும்பியதும் வெள்ளைக் காகிதம் கொடுத்தார். நடந்ததை என் கையாலேயே எழுதச் சொன்னார். நான் தமிழில் எழுதட்டுமா என்று கேட்டேன். எதில் எழுதினாலும் சரி, எதையும் விடாதே என்றார். எழுதி முடித்துக் கொடுக்கும்போது கேட்டேவிட்டேன்.

“வேல போயிடுமா சார்?”

“கொத்தில்லம்மா. போகலாம், போகாம இருக்கலாம். நா சுள்ளு சொல்ல மாட்டேன், பொய் வேண்டா.” காகிதத்தை மடித்தார். “ஆனா நீ ஓடினேன்னு ஸ்டேஷன் மாஸ்டர் எழுதியிருக்கார். அதையும் நா இதோட சேத்து அனுப்பறேன்.”

வேலை போகவில்லை. விசாரணை நடந்தது, தண்டனை வந்தது, ஒரு வருடம் தனியாக வேலை செய்ய விடாமல் இன்னொருவருக்குக் கீழே வைத்தார்கள். அது நியாயம்தான். நஞ்சுண்டப்பா செய்த இன்னொரு காரியம்தான் எனக்குப் பெரிது. அடுத்த வாரம் என்னை ஆபீசுக்கு வரச் சொன்னார். மேஜை மேல் செக்ஷனில் இருந்த எல்லாருடைய சோதனை வயர்களும் குவிந்து கிடந்தன. பக்கத்தில் ஒரு சிவப்புத் துணி.

“மிஷின்ல தைக்க வருமா?”

வரும் என்றேன். ஒவ்வொரு வயரிலும் ஒரு முழ நீளத்துக்குச் சிவப்புப் பட்டை தைக்கச் சொன்னார். பெட்டிக்குள் வயர் இருந்தால் பட்டை வெளியே தொங்கும், கதவைச் சாத்த முடியாது. வீட்டில் என் தையல் மிஷினில் இரண்டு நாள் உட்கார்ந்து தைத்துக் கொடுத்தேன். அதை யார் தைத்தது, ஏன் வந்தது என்று அவர் செக்ஷனில் யாரிடமும் சொல்லவில்லை. கேட்டவர்களிடம் நானே சொன்னேன்.

இதைச் சொல்லி முடித்தேன். மஞ்சுநாத் தன் நோட்டைத் திறந்து, நேற்று எழுதியதை அடித்தார். “இதையும் ஒரு பாடமா வெக்கலாமா அம்மா?” என்றார். வையுங்கள் என்றேன். சிக்னல் மஞ்சள் காட்டும், பாயிண்ட் ஒட்டாமல் இருக்கும். அப்படி ஒன்றைச் செய்தார்கள். பட்டியலில் கடைசிப் பாடம்.

இரண்டு மாதம் முடிந்ததும் இன்ஸ்பெக்டர் வந்தார். ஜோலார்பேட்டைக்காரர், பல வருஷம் வண்டி ஓட்டியவர். யாரோடும் அதிகம் பேசாமல் நேராக சீட்டில் உட்கார்ந்தார். வண்டி கிளம்பியது. தூண் மறைக்கிற இடம் வந்தபோது தலையை லேசாக இடது பக்கம் சாய்த்தார். காயத்ரி என் கையைக் கிள்ளினாள்.

அடுத்து தானியங்கி சிக்னல் ஒன்று சிவப்பில் இருந்தது. நின்றார். அப்படியே உட்கார்ந்திருந்தார். பத்து நொடி, இருபது நொடி. சிமுலேட்டர் உறைந்துவிட்டது என்று நினைத்து மஞ்சுநாத் கீ-போர்டுக்குக் கை நீட்டினார். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்த மாதிரி சிக்னலில் பகலில் ஒரு நிமிஷம் நின்ற பிறகு, சிவப்பிலேயே மெதுவாகத் தாண்டலாம் என்பது விதி. ஒரு நிமிஷம் ஆனது. இன்ஸ்பெக்டர் ஹார்ன் அடித்துவிட்டு, மனிதன் நடக்கிற வேகத்தில் வண்டியை நகர்த்தினார். முதல் தடவை வந்தபோது அவருக்கு நிற்கவே வேலை இருக்கவில்லை.

கடைசிப் பாடம் வந்தது. மஞ்சள் பார்த்து வேகத்தைக் குறைத்து வந்தவர், பாயிண்டைக் கண்டதும் பிரேக்கை முழுக்கப் போட்டார். வண்டி இடைவெளிக்கு முன்னால் நின்றது, ஆனால் கொஞ்ச தூரம்தான் மிச்சம். அவர் கைப்பிடியில் இருந்து கையை எடுக்காமல் கேட்டார்.

“இத யார் போட்டது?”

“நான் சொன்னது சார்” என்றேன்.

“நீங்க?”

“சிக்னல் மெயின்டெய்னர். ரிட்டையர் ஆயிட்டேன்.”

சீட்டைத் திருப்பி உட்கார்ந்தார். “மேடம், இது நடந்திருக்குன்னு எனக்குத் தெரியும். நீங்க ஏன் போட்டீங்கன்னும் புரியுது. ஆனா டிரைவருக்கு இதக் காட்டக் கூடாது. சிக்னல நம்பாதேன்னு ஒருத்தனுக்குச் சொல்லிக் குடுத்துட்டா, அவன் நூறு கிலோமீட்டர்ல வண்டி ஓட்ட முடியாது. ஒவ்வொரு எல்லோவுலயும் சந்தேகப்பட்டா வண்டி போய்ச் சேராது.”

முதலில் எனக்குச் சுருக்கென்றது. உண்மையைச் சொன்னதற்கு இதுவா என்று தோன்றியது. ஆனால் அவர் சொன்னதை மறுக்க வழியில்லை. டிரைவர் நம்பத்தான் வேண்டும். அவர் நம்பிக்கொண்டே போகலாம் என்கிற மாதிரி கீழே வேலை செய்வது எங்கள் பாடு. சந்தேகப்பட வேண்டியது நாங்கள்தான்.

“அப்போ இத சிக்னல் ஆளுங்களுக்குக் காட்டணும்” என்றேன். “டிரைவர் சீட்டுல இருந்து இல்ல. பெட்டிகிட்ட இருந்து.”

அவர் யோசித்துத் தலையாட்டினார். அப்படியே தன் குறிப்பில் எழுதினார். டிரைவர் பாடத்திலிருந்து அதை எடுத்துவிட வேண்டும், சிக்னல் ஊழியர்களுக்குத் தனியாக ஒரு பாடம் செய்ய வேண்டும், மற்ற எல்லாம் சரி. எழுந்து போகும்போது வாசலில் நின்று, “அந்தத் தூண் ரொம்பக் கரெக்ட்” என்றார்.

காயத்ரி அழுதுவிட்டாள். அவளுக்குச் சந்தோஷம் வந்தாலும் அப்படித்தான். டீம் கலையவில்லை. புதுப் பாடம் வந்ததால் இன்னும் ஒரு வருஷ வேலை இருக்கிறது. என்னையும் வாரத்தில் இரண்டு நாள் வரச் சொல்லியிருக்கிறார்கள். கம்ப்யூட்டரில் ஒரு வெள்ளிப் பெட்டி செய்துகொண்டிருக்கிறோம். அதற்குள் வயர்களின் நிறத்துக்காக மஞ்சுநாத்துக்கும் எனக்கும் போகிற நாளெல்லாம் சண்டை.

இன்ஸ்பெக்டர் வந்துபோன அன்று மத்தியானம் எல்லோருக்கும் பிரியாணி வரவழைத்தார்கள். வருவதற்குள் காயத்ரி, “ஆன்ட்டி, நீங்க ஒரு தடவகூட ஓட்டலியே, உக்காருங்க” என்றாள். எனக்கெதற்கு என்றேன். மஞ்சுநாத் சீட்டை இழுத்துப் போட்டார். சேலையை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். எது வேகம், எது பிரேக் என்று காட்டினார்கள்.

என்னைவிட அந்தப் பாதை யாருக்குத் தெரியும்? ஒவ்வொரு துண்டையும் பிரித்தது நான். முன்னறிவிப்பு சிக்னல் மஞ்சளில் இருந்தது. அப்படியென்றால் அடுத்து வருகிற ஹோம் சிக்னல் சிவப்பு. நன்றாகத் தெரியும். தாராளமாக இடம் விட்டு, அவசரமில்லாமல் பிரேக் போட்டேன். வண்டி நிற்கவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தேன். நிற்கவில்லை. சிவப்பு பெரிதாகிக்கொண்டே வந்தது. கம்பம் என் இடது பக்கம் நிதானமாக, கையைத் தொடுகிற தூரத்தில் கடந்து பின்னால் போயிற்று. அதன் பிறகுதான் வண்டி நின்றது. மேஜையில் என்னமோ கீச் கீச்சென்று கத்தியது.

“அம்மா சிவப்பு சிக்னல தாண்டிட்டாங்க!” என்று மஞ்சுநாத் கத்தினார். அறையே சிரித்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரிப்பு.

“மறுபடி போடுப்பா” என்றேன்.

இரண்டாவது தடவை வெகு தூரத்திலேயே, ஆளில்லாத பொட்டல் காட்டில் நின்றுவிட்டேன். மூன்றாவது தடவை மெல்ல மெல்ல இறக்கிக்கொண்டு வந்து, கம்பத்துக்கு ஒரு ரயில் பெட்டி தூரம் முன்னால் நிறுத்தினேன். பக்கத்து அறையில் பிரியாணிப் பொட்டலங்கள் பிரிகிற வாசனை வந்தது. கை கழுவப் போன எல்லோரும் திரும்பி வந்துவிட்டார்கள். ஆறிப்போகும் வாங்க என்று காயத்ரி கதவில் நின்று இரண்டாம் முறை கூப்பிட்டாள்.

“சிக்னல் வரட்டும், வர்றேன்” என்றேன்.